திரும்பி வராத ஒன்பது ஆம்பியர்

பேத்தியின் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் இடத்தில் கூரை முழுக்கச் சூரியத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். போன மாதம் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். வெயில் தகட்டில் விழுகிறது, மின்சாரம் கீழே பேட்டரிக்கு இறங்குகிறது, எத்தனை ஆம்பியர் என்று ஒரு சின்னக் கண்ணாடியில் எண் எரிகிறது. முள் இல்லை, முள் நடுங்குவதும் இல்லை. "இதை எதை வைத்து அளக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே இரண்டு பித்தளைக் கட்டைகள், அவற்றுக்கு நடுவே மங்கலான ஓர் உலோகப் பட்டை. ஷண்ட். அறுபது வருடத்துக்கு முன்னால் நான் துடைத்துத் துடைத்து முடுக்கிய அதே சாமான்.

அங்கே வேலை பார்க்கும் பையன்களில் ஒருவர், "ஏனுங்க ஐயா, உங்க சர்வீஸ்ல மீட்டரைப் பார்த்து எப்பவாச்சும் பயந்திருக்கீங்களா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, எழுதித் தருகிறேன் என்றேன். அதற்காக எழுதுகிறேன்.

முப்பதுகளில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தது. அதுவரை சொந்தமாக இன்ஜினும் டைனமோவும் வைத்து நேர்மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்த மில்கள் பழைய சாமான்களைக் கழற்ற ஆரம்பித்தன. கழற்றியதையெல்லாம் இரும்புக்கடைக்குப் போடவில்லை. மலையடிவாரத்தில் ஓடைத் தண்ணீர் வைத்திருந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய், நீர்ச்சக்கரத்தோடு டைனமோவைப் பூட்டி ஓட்டினார்கள். சிங்காநல்லூரில் நான் சேர்ந்த பட்டறைக்கு அந்த வேலைகள்தான் சோறு போட்டன. முதல் சில வருடங்கள் கருகிய மோட்டார்களைப் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விரல் நுனிகள் காய்த்துப்போயின, அவ்வளவுதான். பிறகு போர்மேன் சுப்பராயலு என்னைத் தன்னோடு அளவு பார்க்கும் வேலைக்கு இழுத்துக்கொண்டார்.

அவர் ஒல்லியான மனிதர். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்கள் ஊர்த் தமிழ். கோடையிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் கட்டைச் செருப்பும் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருவார். மின்சாரம் ஓடும் கம்பியின் அருகில் போனதும் அவருடைய இடது கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய்விடும். ஏன் என்று நான் கேட்டபோது, "ஒரு கை போதும்ப்பா. ரெண்டு கையும் குடுத்தா நடுவுல நெஞ்சு இருக்குதல்ல?" என்றார். அதற்குப் பிறகு என் இடது கையும் பைக்குள் போகப் பழகிக்கொண்டது. ஓய்வு பெற்ற பின்னும் வீட்டில் பல்பு மாற்றும்போது போகிறது.

ஷண்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய மின்சாரத்தை அப்படியே மீட்டருக்குள் விட முடியாது, மீட்டர் எரிந்துவிடும். அதனால் கம்பியை ஓர் இடத்தில் பிரித்து, நடுவே ஓர் உலோகப் பட்டையை வைத்து, மின்சாரம் முழுவதையும் அதன் வழியே ஓடவிடுகிறோம். ஓடும்போது பட்டையின் இரண்டு முனைகளுக்கும் இடையே மிகச் சிறிய அழுத்த வித்தியாசம் ஏற்படும். மீட்டர் அந்தத் துளியை மட்டும் பார்த்து, மொத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லும்.

போர்மேன் அந்தப் பட்டையைப் பூட்டுவது பூசை மாதிரி இருக்கும். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவி, மோதிரத்தைக் கழற்றி வேட்டி முடிச்சில் வைப்பார். பித்தளைக் கட்டையின் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறுப்பு ஒட்டாதவரை விடமாட்டார். போல்ட்டை முடுக்கிய பிறகு ஒரு நிமிடம் நின்று, மறுபடி முடுக்கிப் பார்ப்பார். படிப்பதற்கும் முறை உண்டு. கண்ணாடியை நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். நானும் அவரும் தனித்தனியாக மனதுக்குள் படித்துக்கொள்ள வேண்டும். "சொல்லு" என்றதும் இருவரும் ஒன்றாகச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் சொன்னால் அது அளவு ஆகாது. "சுமாரா" என்று சொன்னால் போச்சு.

ஒருமுறை ஒரு மில்லில், ஷண்ட்டிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயர் நீளமாகத் தொங்குகிறதென்று யாரோ வெட்டிச் சுருக்கியிருந்தார்கள். அந்த ஒயர் மீட்டரோடு சேர்த்து அளந்து கொடுக்கப்பட்டது, வெட்டினால் கணக்குத் தவறும். போர்மேன் திட்டவில்லை. நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, வெட்டிய முனையை விரலில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இனிமே இது பேசும். ஆனா நெசம் பேசாது" என்று சொல்லிவிட்டு மீட்டரைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். பொய் சொல்லும் மீட்டரைப் பார்த்தால் அவருக்கு முகம் வாடிவிடும்.

இனி அந்த வேலை. மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே மலையை ஒட்டிப் பூளப்பள்ளம் என்றொரு சிற்றூர். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். அந்தப் பள்ளம் மலையிலிருந்து விழும் இடத்தில் நீர்ச்சக்கரமும் டைனமோவும் வைத்து, இரண்டு மைல் தள்ளிப் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் மில்லை ஓட்டினார்கள். ஒரு கம்பி வழியாக மின்சாரம் மில்லுக்குப் போகும், இன்னொரு கம்பி வழியாகத் திரும்பி வரும். முதலாளி வெளியூரில் இருந்தார். மில்லைப் பார்த்துக்கொண்ட மேனேஜர்தான் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

மாசி வெயில். தகரக் கொட்டகைக்குள் டைனமோ ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். "தண்ணி இருக்குதுங்க. சக்கரம் நல்லாச் சுத்துதுங்க. ஆனா மில்லுக்குப் பலம் வந்து சேரலீங்க. வழியில யாரோ குடிச்சுப்போடறாங்க."

போர்மேன் சிரிக்கவில்லை. சக்கரத்தை நிறுத்தச் சொன்னார். போகும் கம்பியில் ஒரு ஷண்ட்டும், திரும்பி வரும் கம்பியில் இன்னொரு ஷண்ட்டும் பூட்டினோம். இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். போகும் கம்பியின் மீட்டருக்கு முன்னால் நான் நின்றேன், வரும் கம்பிக்கு அவர். கண்ணாடியைத் தட்டினார்.

"சொல்லு."

"முப்பத்திரண்டு" என்றேன் நான். அதே மூச்சில் அவர் "இருபத்திமூணு" என்றார்.

போவதும் வருவதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நடுவில் மில் மோட்டார் எவ்வளவு உழைத்தாலும் சரி, போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சக்கரத்தை நிறுத்தி, ஷண்ட்டுகளை இடம் மாற்றி, மீட்டர்களை மாற்றி, நாங்களும் இடம் மாறி நின்று படித்தோம். மறுபடியும் அதே வித்தியாசம். பழைய இடங்களுக்கே திரும்பினோம்.

போர்மேன் சைக்கிளில் ஓர் ஆளை மில்லுக்கு அனுப்பினார். அங்கே மெயின் ஸ்விட்சை இழுத்துவிடச் சொன்னார். மில் நின்றுவிட்டால் இரண்டு முள்ளும் பூச்சியத்துக்கு வந்துவிடும். நாங்கள் காத்திருந்தோம். கொட்டகைக்குள் டைனமோ இரைந்தது, வெளியே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு முட்களும் ஒன்றாகச் சரிந்தன. அவர் பக்கத்து முள் பூச்சியத்தில் போய்ப் படுத்தது. என் பக்கத்து முள் பாதி வழியில் நின்றுவிட்டது. நகத்தால் தட்டினேன். நகரவில்லை.

"சொல்லு."

"ஒம்பது."

"ஒண்ணுமில்லை" என்றார் அவர்.

மில் நின்றுவிட்டது. கம்பியில் வேறு யாரும் இல்லை. இருந்தும் ஒன்பது ஆம்பியர் எங்கள் கண் முன்னால் அந்தக் கம்பியில் ஏறி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. திரும்பி வரவில்லை. மேனேஜர் இரண்டு மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "மில்லு நின்னுபோச்சுங்களே. அப்புறம் யாருக்குங்க போகுது?"

போர்மேன் குனிந்து மண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வருது. கம்பியில வரல. வேற வழியா வருது" என்றார். அந்த வெயிலிலும் எனக்குப் பிடரியில் மயிர் நின்றது.

டைனமோவின் பின்பக்கம் போய் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பும் பக்கத்து ஒயர் ஒன்று, சக்கரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் இரும்புக் குழாயின்மேல் படிந்து கிடந்தது. ஐப்பசி வெள்ளத்தில் குழாய் அதிர்ந்து அதிர்ந்து ஒயரின் உறை தேய்ந்து, செம்பு நேராக இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழாய் ஈர மண்ணுக்குள் புதைந்திருந்தது.

"இது ஒரு கதவு" என்றார் போர்மேன். "இது மட்டும் தெறந்திருந்தா ஒண்ணும் ஆகாது. இன்னொரு கதவும் எங்கியோ தெறந்து கெடக்குது. ரெண்டுக்கும் நடுவுல மண்ணுக்குள்ள நடந்து வருது."

"இதை மூடிடலாங்களா?" என்று கேட்டேன்.

"மூடினா அது எங்கேன்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஓடட்டும். கண்டுபுடிப்போம்."

மீட்டர் ஒன்றையும் ஷண்ட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு, கம்பிக்குக் கீழேயே மில்லைப் பார்த்து நடந்தோம். மேனேஜரும் வந்தார். போர்மேனிடம் மூக்குப்பொடி டப்பா அளவில் ஒரு திசைகாட்டி இருந்தது. மின்சாரம் ஓடும் ஒயரின் பக்கத்தில் வைத்தால் அதன் முள் திரும்பும். போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒரே உறைக்குள் சேர்ந்து ஓடினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், முள் அசையாது. ஒரு வழியில் மட்டும் ஓடினால்தான் அசையும்.

மில்லுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு போஸ்ட்டிலிருந்து உறை போட்ட ஒயர் ஒன்று கீழே இறங்கி, புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. "இது?" என்று கேட்டார் போர்மேன்.

"கெணத்து மோட்டாருக்குப் போட்டதுங்க" என்றார் மேனேஜர். "மோட்டார் கருகிப்போச்சுன்னு கழட்டியாச்சுங்க. ஒயர் சும்மா கெடக்குதுங்க."

திசைகாட்டியை என்னிடம் கொடுத்தார். ஒயரின் அருகில் கொண்டுபோனேன். வடக்கே பார்த்துக்கொண்டிருந்த முள், யாரோ கூப்பிட்டதுபோல மெல்லத் திரும்பி ஒயரைத் தாண்டி நின்றது. எடுத்தேன், பழைய இடத்துக்குப் போனது. வைத்தேன், மறுபடி திரும்பியது. சும்மா கிடக்கும் ஒயர்.

புல்லுக்குள் அதைத் தொடர்ந்து போனோம். பெரிய சதுரக் கிணறு. ஒரு பக்கம் கற்படிகள் தண்ணீர்வரை இறங்கின. எதிர்ப் பக்கம், பழைய மோட்டாருக்குத் தண்ணீர் இழுத்த இரும்புக் குழாய் சுவரை ஒட்டி நீருக்குள் போயிற்று. ஒயரின் முனை அந்தக் குழாய்க்குப் பின்னால் செருகப்பட்டிருந்தது. உறை வெயிலில் வெடித்து உதிர்ந்திருந்தது. உச்சி வெயில் கிணற்றுக்குள் நேராக இறங்கியிருந்தது. தண்ணீரைப் பார்த்தேன். குழாயைச் சுற்றிச் செக்கச்செவேல் என்றிருந்தது. அங்கிருந்து ஒரு நாக்கு மாதிரி படிகளைப் பார்த்து நீண்டிருந்தது.

மர நிழலில், சரிவில் இறங்கித் தோல்பையால் தண்ணீர் இழுக்கும் கவலை மாடுகளைக் கட்டிப்போட்டுவிட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழனியப்பன் என்று பெயர். கிணற்றை ஏன் இறைக்கவில்லை என்று போர்மேன் கேட்டார்.

"மாடு சரிவுல எறங்க மாட்டேங்குதுங்க. ஈரத்துல காலை வெச்சா அலறிக்கிட்டுத் துள்ளுது. தார்க்குச்சியில குத்தினாக்கூட நகராதுங்க. மொதல்ல நல்லாத்தான் எறங்கிச்சுங்க. மழைக்கு அப்புறம்தான் இப்படி." அவர் குரலைத் தாழ்த்தினார். "என்ற தம்பி இதுக்குள்ளதானுங்க போனான். மாரப்பன். மில்லுல வேலை. கார்த்திகையில, பட்டப்பகல்ல. மீன் மாதிரி நீந்தறவனுங்க. வேற மோட்டார் வெக்கறதுக்கு முன்னால குழாயில அடைச்ச பாசியை எடுக்கறேன்னு எறங்கினவன் மெதந்தான். ஒடம்புல ஒரு காயம் இல்லீங்க. தானா விழுந்துட்டான்னு ஊர்ல பேசறாங்க. அன்னையிலிருந்து தண்ணி இப்படித்தான் ரத்தமா ஊறுதுங்க."

மேனேஜர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் இந்தத் தண்ணி எடுக்கறதில்லீங்க. அவன் பொண்டாட்டி மட்டும் வரும். தெனமும் உச்சிப்பொழுதுக்கு வந்து படியில ஒக்காந்துக்கும். தனியாப் பேசும், சிரிக்கும். அமாவாசைக்குப் பூசாரிகிட்ட கூட்டிக்கிட்டுப் போறோமுங்க. அடிச்சாத்தான் எறங்கும்னு சொல்லிப்போட்டாரு. அமாவாசை நாளைக்குத்தானுங்க. அதா, வருதுங்களே."

வெள்ளைச் சேலை உடுத்திய சின்ன வயதுப் பெண் ஒருத்தி, வெறுங்கையோடு, எங்களை ஏறிட்டும் பார்க்காமல் படிகளில் இறங்கிப் போனாள். ராமாத்தாள் என்று பெயர். தண்ணீர் தொடும் படிக்கு மேல் படியில் உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் மெல்ல நீரில் வைத்தாள். அவள் உடம்பு ஒருமுறை வெடுக்கென்று நிமிர்ந்தது. நான் கத்தப் போனேன். போர்மேன் என் தோளை அழுத்தினார். அவள் முகத்தைப் பார்க்கச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போர்மேன் கட்டைச் செருப்போடு படிகளில் இறங்கினார். நான் மேலே கல்லின் விளிம்பில் நின்றேன். பேசியது எல்லாம் கேட்டது. கிணறு ஒரு சொல்லையும் விடாமல் மேலே அனுப்பியது.

"ஏனுங்க அம்மணி, காலை எடுத்துக்கங்க. நான் மில்லுக்கு மீட்டர் பார்க்க வந்தவன்."

"எடுக்க மாட்டேனுங்க. இப்பத்தான் வந்தாங்க."

"யாரு?"

"அவியதானுங்க. என்ற ஊட்டுக்காரரு." நிதானமான குரல், பைத்தியத்தின் குரல் அல்ல. "மொதல்ல வெடுக்குனு கணுக்காலைப் புடிப்பாங்க. அப்புறம் விட்டுட்டு, சூடா, மெதுவாத் தடவற மாதிரி இருக்குமுங்க. உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான். மில்லுல இருந்து பின்னாடியே வந்து வெடுக்குனு கையைப் புடிப்பாங்க. எல்லாரும் பொய்யிங்கறாங்க. நீங்க வேணா காலை வெச்சுப் பாருங்க."

"பொய்யின்னு நான் சொல்லல அம்மணி. தெனமும் வருவாரா?"

"மில்லு ஓடாத நாள்ல வரமாட்டாங்க. அன்னைக்கு அவியளுக்கும் லீவு போல." மறுபடி சிரித்தாள். பிறகு எதிர்ப் பக்கம் கை காட்டினாள். "அந்தக் குழாய்கிட்டப் போகப் போக நல்லா இறுக்கிப் புடிப்பாங்க. கிட்டப் போனதில்லீங்க, பயமா இருந்துச்சு. நாளைக்கு ஊட்டுல இருக்கறவங்க என்னைப் பூசாரிகிட்டக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் வர முடியாது. அதனால இன்னைக்குப் போலாம்னு இருக்கறேனுங்க."

அவள் எழுந்தாள். இரண்டு கால்களும் தண்ணீருக்குள் போயின. படியின் ஓரமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, சிவந்த தண்ணீரைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தாள்.

போர்மேன் அவளை எட்டிப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவள் உதறிக்கொண்டு குழாய்ப் பக்கம் விழுந்திருப்பாள். முகத்தை அவள் பக்கமிருந்து திருப்பாமல், பைக்குள் இருந்த இடது கையை வெளியே எடுத்து, போஸ்ட் இருந்த திசையில் ஒரு விரலை மட்டும் நீட்டினார். எனக்குப் புரிந்தது. ஓடினேன். பின்னால் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, சந்தையில் யாரிடமோ சௌகரியம் விசாரிப்பது போல. "அவர் எந்த ஊரு அம்மணி? நீங்க எந்த ஊர்லயிருந்து வாக்கப்பட்டு வந்தீங்க? மில்லுல அவருக்கு என்ன வேலை?" அவள் ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மில் சுவரில் சாய்ந்திருந்த மூங்கில் ஏணியை மேனேஜர் தூக்கிக்கொண்டு வந்தார். போஸ்ட்டில் பியூஸ் எதுவும் இல்லை. ஒயரை நேராகக் கம்பியில் முறுக்கிவிட்டிருந்தார்கள். ஏறினேன். இரண்டு கையும் வேண்டியிருக்கும் உயரம் அது. ஒரு கையை ஏணிக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, ரப்பர் உறை போட்ட குறட்டால் கடித்தேன். அறுந்த இடத்தில் ஒரு வெள்ளை நாக்கு நீண்டது. சீறியது. விலகின முனைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் விடாமல் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு அணைந்தது.

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கூச்சல் என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் கை நழுவிப்போன பிள்ளையைத் தேடும் குரல் மாதிரி இருந்தது.

"போயிட்டாங்க. ஏனுங்க, போயிட்டாங்க."

நான் இறங்கி ஓடிப் பார்த்தபோது அவள் முழங்கால் நீரில் நின்று கால்களை அங்குமிங்கும் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். இருட்டில் படி தேடுகிறவள்போல. சிவந்த தண்ணீர் கலங்கியது. குழாய்க்குக் கை எட்டும் தூரம்.

போர்மேன் சைக்கிள்காரரைக் கொட்டகைக்கு அனுப்பிச் சக்கரத்தையும் நிறுத்தச் சொன்னார். நின்ற பிறகு கட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கி நடந்து, எல்லோரும் பார்க்கக் குழாயை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் இரண்டு கையைக் கொடுத்து நான் பார்த்தது அன்றுதான். குழாய் கறையான் அரித்த மரம்போல அவர் கையோடு பெயர்ந்து வந்தது. அந்தத் துண்டைப் பழனியப்பனிடம் நீட்டினார். "ரத்தம் இல்லீங்க. இதுதான் கரைஞ்சு வருது. மின்சாரம் இரும்பைத் தின்னுபோட்டுது."

அறுத்த எந்த ஒயரையும் அவர் சோதிக்காமல் கட்டி வைக்க மாட்டார். கிணற்றுப் பக்கத்து முனைக்கும் திரும்பும் கம்பிக்கும் நடுவே ஷண்ட்டை வைத்து மீட்டரைச் சேர்க்கச் சொன்னார். முள் அசையவில்லை. சரி, செத்துவிட்டது என்று நான் பெட்டியை மூடப் போனேன். அவர் ஷண்ட்டைக் கழற்றிவிட்டு, மீட்டரை மட்டும் நேராகக் கம்பியில் தொட்டார். ஷண்ட் இல்லாவிட்டால் துளி மின்சாரத்துக்கும் முள் ஓடும், கொஞ்சம் கூடினால் மீட்டரே எரிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

முள் பின்பக்கம் பாய்ந்து இடது ஓரத்தில் முட்டி நின்றது.

டைனமோ நின்றுவிட்டது. ஓடைத் தண்ணீர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மைல் தூரத்துக்கு எந்தக் கம்பியிலும் எதுவும் இல்லை. இருந்தும் மண்ணுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று, போன வழியே எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. போர்மேன் ஒயர்களை மாற்றிப் பிடித்தார். முள் வலது பக்கம் ஏறி நின்று, பிறகு, கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக இறங்கத் தொடங்கியது.

"பேட்டரி மாதிரி ஆயிருச்சு" என்றார் என்னிடம், காதோடு. "இத்தனை மாசம் வாங்கிக்கிட்டதுல கொஞ்சத்தை மண்ணு திருப்பிக் குடுக்குது. தானா அடங்கும்." விளக்கம் சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவர் கண்ணாடியைத் தட்டவில்லை. "சொல்லு" என்று சொல்லவில்லை. அந்த முள்ளை நாங்கள் படிக்கவே இல்லை.

ராமாத்தாள் எப்போது படியேறி வந்தாள் என்று தெரியாது. எங்களுக்குப் பின்னால் நின்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் நடுங்கி நடுங்கிக் கீழே வந்துகொண்டிருந்தது.

"இது அவியளாங்க?" என்று கேட்டாள்.

போர்மேன் மீட்டரை அவள் பார்க்க வசதியாகத் திருப்பி வைத்தார். அவர் வேறு யாரிடமும் பேசி நான் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் சொன்னார். "இல்லீங்க அம்மணி. அந்த ஒயர்லயிருந்து கெணத்துக்குள்ள மின்சாரம் எறங்கிக்கிட்டு இருந்துச்சு. உங்க காலைத் தொட்டது அது. அவர் பாசி எடுக்கறதுக்குக் குழாயைப் புடிச்சிருப்பாரு. விட்டிருக்காது. அவரைக் கொன்னதும் இதுதானுங்க."

பழனியப்பன் கேட்டார். "அப்போ என்ற தம்பி தானா விழுகலீங்களா?"

"இல்லை" என்றார் போர்மேன். பிறகு மேனேஜரைப் பார்த்து, "இதை ஊர்ல நீங்களே சொல்லணும். நான் இங்கியே இருக்கறேன்" என்றார். மேனேஜர் சொன்னார். சாயங்காலம் கோவில் மரத்தடியில் நின்று, தலை நிமிராமல், மோட்டாரைக் கழற்றியபோது ஒயரையும் கழற்றாமல் விட்டது தன் வேலைதான் என்று சொன்னார். பூசாரியிடம் போகும் பேச்சு அதோடு நின்றது. மறுநாள் கொட்டகையில் தேய்ந்த ஒயரை மாற்றியதும் போவதும் வருவதும் ஒன்றாக நின்றன. அந்தப் பெண் பிறகு பவானிக்குத் தங்கை வீட்டுக்குப் போய், அங்கே ஜமக்காளத் தறி வேலையில் சேர்ந்ததாகக் கேள்வி. போர்மேன் அந்த ஊரைப் பற்றி என்னிடம் மறுபடி பேசவில்லை.

எனக்கு மறக்காதது கிணற்றடியில் அந்தப் பதிலைக் கேட்ட பிறகு அவள் செய்ததுதான். அழவில்லை. கிணற்றுச் சுவர்மேல் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து ஈரப் பாதங்களைத் துடைத்தாள். கணுக்கால், விரல் இடுக்கு, உள்ளங்கால். துடைத்துவிட்டுப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து துடைத்தாள். நாங்கள் சாமான்களைக் கட்டி முடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள். வெள்ளைச் சேலையின் அந்த முனை முழுக்கச் சிவப்பாகிவிட்டிருந்தது.